இடது பின்காம்பில் வந்தவை

கறுப்பியின் இடது பின்காம்பிலிருந்து முதலில் வந்தது ஒரு கடைவாய்ப்பல். மாட்டுப்பல் அல்ல, மனிதப்பல். அந்த வீட்டின் மூத்த மகன் பெரியவனுடையது. போன மாதம் அவன் தம்பி சின்னவன் லாரி ஜாக்கிக் கம்பியால் தாடையில் ஒன்று வைத்தபோது காணாமல் போன பல். முற்றத்தைப் பெருக்கித் தேடியும் கிடைக்காததால், விழுங்கியிருப்பான் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள். கறந்துகொண்டிருந்தவள் நடுவுள்ளவள். பெரியவனுக்குத் தங்கை, சின்னவனுக்கு அக்கா. பல்லைத் தண்ணீரில் அலசி, சொத்தையை அடைத்திருந்த புள்ளியை வைத்து அண்ணனுடையது என்று அடையாளம் கண்டு, ஜன்னல் சட்டத்தில் எடுத்து வைத்தாள். காம்பின் துளையோ ஈர்க்குச்சி நுழையும் அளவுதான். பல் அதைப் பொருட்படுத்தவில்லை, அவளும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவளைப் பயமுறுத்தியது பல்லுக்குப் பின்னால் வந்த பால். மஞ்சள் தண்ணீராக, திரிதிரியாக, முடைநாற்றத்தோடு வந்தது. இன்னொரு முறை தொட்டதும் கறுப்பி உதைத்த உதையில் செம்பு சுவரில் மோதி நசுங்கியது. மடியின் அந்தக் கால்பகுதி கல்லாக இறுகி, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலக் கொதித்துக்கொண்டிருந்தது.

அப்பா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சமையலறைக்கு நடுவே சுவர் எழும்பியது. அடுப்பு பெரியவன் பக்கம் போயிற்று, தண்ணீர்க் குழாய் சின்னவன் பக்கம். பெரியவன் தச்சன் என்பதால் ஏணியைக்கூட விடவில்லை, நெடுக்காக அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் பரணில் ஏறியதில்லை. பசுவை அப்படி அறுக்க முடியாததால் மடியைப் பிரித்தார்கள். வலது காம்புகள் இரண்டும் பெரியவனுக்கு, இடது காம்புகள் இரண்டும் சின்னவனுக்கு. மூத்தவன் பங்கைத்தான் முதலில் கறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே கடைசியாகக் கை போகிற இடது பின்காம்பு என்றைக்கும் முழுதாகக் காலியானதில்லை. அதற்குள் பசு பாலை அடக்கிவிடும். நடுவுள்ளவளுக்கு என்ன என்று அவர்கள் இருவரும் கேட்கவில்லை; அவள் கேட்டாள், அது வேறு விஷயம். கடைசியில் அவளுக்குத் தொழுவத்தை ஒட்டிய வைக்கோல் அறையும், இரண்டு பக்கமும் கறந்து கொடுக்கும் வேலையும் கிடைத்தன. கறுப்பி பிறந்தபோது தாயின் வயிற்றுக்குள் கைவிட்டு அதை வெளியே இழுத்தவள் அவள்தான். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த உயிர் அது ஒன்றுதான்.

பிரித்த பிறகு சண்டை ஓயும் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். சண்டை பாதியாகவில்லை, இரட்டிப்பாயிற்று. குழாயை மூடியதற்கு விரல் உடைந்தது, அடுப்புப் புகைக்கு மூக்கு உடைந்தது. தம்பி அண்ணனின் கட்டைவிரல் நகத்தைக் குறடால் பிடுங்கினான், அண்ணன் தம்பியின் தலைமுடியை ஒரு கொத்தாகத் தோலோடு பறித்தான். நடுவுள்ளவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே பாத்திரம் பறக்கிற சத்தம் கேட்டு வாசலோடு திரும்பினார்கள். உதிர்ந்தவை எதுவும் தரையில் கிடைக்காததை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. அடித்துக்கொள்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

மாட்டு டாக்டரம்மா வந்து காய்ச்சல் பார்த்தார், மடியை அழுத்திப் பார்த்தார், ஜன்னல் சட்டத்தில் இருந்த பல்லையும் பார்த்தார். முற்றிய மடிநோய் என்றார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். காம்புக்குள் செலுத்தும் மருந்தைச் செலுத்தினார். அந்தக் காம்பை மணிக்கொரு தடவை ஒட்டக் கறந்து காலி செய்ய வேண்டும், உள்ளே எது தங்கினாலும் விஷம்தான் என்றார். மருந்து முடிந்து சில நாள் போகும்வரை நான்கு காம்புப் பாலையும் கொட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னதும் பெரியவன் முன்னால் வந்தான்.

"நோய் அவன் காம்புல. என் பாலை நான் எதுக்குக் கீழ கொட்டணும்?"

"பசுவுக்கு ரத்தம் ஒண்ணுதாங்க. மருந்து நாலு காம்புலயும் வரும்."

"அப்போ மருந்து வேண்டாம். அவன் பாகம் அழுகினா அழுகட்டும்."

மறுநாள் டாக்டரம்மா ஊசிப் பெட்டியோடு வந்தபோது, பெரியவன் உளியை அடிக்கிற மரச்சுத்தியலைப் பிடித்துக்கொண்டு தொழுவ வாசலில் நின்றான். சின்னவன் தன் பங்கு ஏணியைத் தூக்கிவந்து அண்ணனின் முதுகில் இறக்கினான். இருவரும் சாணத்தில் உருண்டார்கள். ஒருவன் மற்றவன் வாயில் மண்ணைத் திணித்தான், மற்றவன் மண்ணோடு சேர்த்து விரலைக் கடித்தான். கடைசியில் பெரியவன் தம்பியின் காதுமடலில் கீழ்ப்பாதியைக் கடித்துத் துப்பினான். துப்பியது தரைக்கு வரவில்லை. அன்று மாலை நடுவுள்ளவள் கறந்தபோது காம்பிலிருந்து வாளியில் விழுந்தது. அதற்குப் பிறகு மடியின் அந்தப் பகுதி கருநீலமாகிக் குளிர்ந்துவிட்டது. கறுப்பி முன்னங்காலை மடித்துப் படுத்தது. கொம்பைப் பிடித்துத் தூக்கியும் எழவில்லை.

மறுபடி வந்த டாக்டரம்மா காதுத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒரு பக்கம் மருந்து ஏத்துறேன், உங்க வீட்டு ஆளுங்க இன்னொரு பக்கம் இதை ஏத்துறாங்க. உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரணும்மா. புதுசா எதுவும் போகவும் கூடாது. இல்லன்னா நாளைக்குக் குழி வெட்டச் சொல்லிடுங்க."

டாக்டரம்மா போனதும் நடுவுள்ளவள் சாணத்தில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்துக் கழுவினாள். தம்பி உன் வலது காம்பில் கறக்கிறான் என்று சுவருக்கு இந்தப் பக்கம் சொன்னாள். அண்ணன் உன் இடது காம்பை அறுக்கிறான் என்று அந்தப் பக்கம் சொன்னாள். இருவரும் தொழுவத்துக்குள் பாய்ந்து வந்ததும் படலைச் சாத்திவிட்டு அடிக்கத் தொடங்கினாள். அத்தனை வருடக் கோபம் அந்தக் கையில் இருந்தது, ஆனால் அவசரம் இல்லை. பல், நகம், காது என்று எதுவும் உதிராத இடமாகப் பார்த்து அடித்தாள். தொடையில், கெண்டைக்காலில், பின்சதையில். எழுந்தால் அடித்தாள், கெஞ்சினால் அடித்தாள், ஒருவனை ஒருவன் முறைத்தால் இருவரையும் அடித்தாள். மனைவிமார் சுவருக்கு இரு பக்கமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. இருவராலும் நிற்க முடியாமல் போனதும், மாட்டுக் கயிற்றால் அண்ணனின் காலை வலது தூணிலும் தம்பியின் காலை இடது தூணிலும் கட்டினாள்.

"கை சும்மாதானே இருக்கு. அண்ணா, நீ வெந்நீர் ஒத்தடம் குடு. டேய், நீ கற. இந்தக் காம்புலேர்ந்து புதுசா ஏதாவது வந்துச்சுன்னா, அடுத்தது நான் உடைச்சுப் போட்டதா இருக்கும்."

அப்படிக் கறந்தார்கள். கடைசியாக உள்ளே போனது முதலில் வந்தது. சின்னவனின் சட்டைப் பொத்தான்கள் வந்தன. பிடுங்கிய கட்டைவிரல் நகம் வந்தது, பெரியவன் அதை வாங்கித் தன் விரலில் வைத்துப் பார்த்தான். தோலோடு முடிக்கொத்து வந்தது. கண்ணாடி உடைந்த கைக்கடிகாரம் வந்தது, முள் அசையாமல் ஒரு மத்தியானத்தில் நின்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே சீழும் ரத்தமும் வந்தன. கறுப்பி அலறியது, கறக்கிறவன் விலாவில் உதைத்தது. தன்னுடையது விழும்போதெல்லாம் அவரவர் பெயர் சொன்னதுபோல் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். எதற்காக அடித்துக்கொண்டோம் என்று சிலவற்றுக்கு இருவருக்குமே நினைவில்லை. குழாய்க்காகவா புகைக்காகவா என்று தொடங்கிய வாக்குவாதத்தை நடுவுள்ளவள் சுத்தியலைத் தரையில் தட்டி நிறுத்தினாள்.

எல்லாம் தீர்ந்த பிறகும் காம்பின் அடியில் ஏதோ தடுத்தது. சின்னவன் இரண்டு கையாலும் இழுத்தான். சிறிய பல் ஒன்று வாளியில் விழுந்தது. பெரியவன் நாக்கால் தன் ஈறைத் துழாவினான், சின்னவனும் துழாவினான். இரண்டு வாயிலும் அதற்கு இடமில்லை.

"இது யாருது?" என்றான் பெரியவன்.

நடுவுள்ளவள் குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். "பங்கு பிரிச்ச அன்னிக்கு எனக்கு என்னன்னு கேட்டேனே. அதுக்கு விழுந்த அடி."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். "நான் இல்லக்கா. இவன் கைதான்."

"அவன்தான் அடிச்சான்," என்றான் பெரியவன்.

"ரெண்டு கையும்தான்," என்றாள் அவள்.

இத்தனை வருடம் எதிரில் நின்று சோறு போட்டவளின் வாயில் ஓட்டை இருந்ததை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். சின்னவன் அழுதான். பெரியவன் அழவில்லை, ஒத்தடத் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துக்கொண்டே இருந்தான், கை வெந்தும் எடுக்கவில்லை. நடுவுள்ளவளுக்கு அவர்களைப் பார்த்து இரக்கம் வரவில்லை. அவள் பசுவின் காதைத் தொட்டுப் பார்த்தாள், சில்லிட்டிருந்த காதில் கொஞ்சம் சூடு வந்திருந்தது.

விடிந்ததும் டாக்டரம்மா வந்தார். செத்துப்போன பகுதியைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி போட்டுக் காம்பை அறுத்து, மிச்சமிருந்த சீழ் வடிய வழி செய்தார். கட்டவிழ்த்துவிட்ட அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். கறுப்பி தூக்கியெறிந்ததில் இருவரும் ஒரே மூலையில் போய் விழுந்தார்கள். அதைத் தவிர அன்று வேறு கலவரம் இல்லை. கருகிய பகுதி வாடி, உரிந்து விழுந்து, தழும்பாயிற்று. கறுப்பி எழுந்து நின்று முதல் வாய் வைக்கோலை மென்றபோது நடுவுள்ளவள் படலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பால் குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளில் அவள் மூன்று செம்புகளோடு உட்கார்ந்தாள். வலது முன்காம்பைப் பெரியவன் செம்பில் கறந்தாள், இடது முன்காம்பைச் சின்னவன் செம்பில் கறந்தாள். மிச்சமிருந்த வலது பின்காம்பை மூன்றாவது செம்பில் கறந்து, அங்கேயே நின்று, நுரையோடு குடித்தாள். பெரியவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மரச்சுத்தியல் அவள் கால் பக்கத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

கறுப்பி அதற்குப் பிறகு மூன்று கன்று ஈன்றது. அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் பொய், குறைத்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டால் மறுநாள் காலை செம்போடு வந்து நின்று, உதிர்ந்ததை அவரவர் காம்புப் பாலோடு வாங்கிப்போனார்கள். அன்றைக்கன்றே வெளியே வந்துவிட்டால் மடிக்குக் கெடுதல் இல்லை என்று டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார். பால் வாங்க வருகிறவர்களும் பழகிப்போனார்கள், பொத்தான் கிடந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவுள்ளவளின் செம்பில் ஒருநாளும் எதுவும் கிடந்ததில்லை. பெரியவன் மட்டும், சண்டை போடாத நாளிலும், செம்பை வாங்கியதும் காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவான்.