ஏரிக்குள் சித்தியின் தட்டு

களைக்கொல்லி டிரம் படகுத்துறைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவள் ஆய்வகத்தில் போட்டது போட்டபடி ஓடினாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

ஏரித் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. எப்போதும் கையில் பாட்டில் இருக்கும். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே பாட்டில்.

மூன்று வருடத்துக்கு முன் ஊர்ச் சாக்கடையை ஏரியில் விழாமல் திருப்பிவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெளிந்ததும் வெயில் அடிவரை இறங்கியது. வெயில் பட்டால் செடி முளைக்காமல் என்ன செய்யும்? இந்தக் கோடையில் ஏரிக்குள் ஒரு தோட்டமே எழுந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊரோ முகம் சுளித்தது. பச்சை என்றால் பாசி, பாசி என்றால் அழுக்கு. தீர்ந்தது விஷயம்.

டிரம்மை வரவழைத்ததே அவளுடைய சித்தப்பாதான். ஏரியில் வாடகைப் படகு விடுகிறவர். துறையில் பாதித் தெரு கூடியிருந்தது.

"வாம்மா பாட்டிலு! சரியான நேரத்துல வந்திருக்க. நீயே மூடியைத் திற."

"சித்தப்பா, இதை ஊத்தினா செடி செத்து அழுகும். தண்ணி மறுபடியும் பழைய குழம்பாயிடும். மீனெல்லாம் மிதக்கும். மூணு வருஷப் பாடு ஒரே நாள்ல போயிடும்."

"பழைய தண்ணில துடுப்பு வழுக்கிட்டுப் போச்சு. இப்ப ஒரு இழுப்புக்கு ஒரு கட்டுக் கீரை வருது!"

"நாத்தம் இருந்துச்சுதான்," என்றார் தையல்காரர், நியாயவான் போல. "ஆனா பார்க்க நீட்டா இருந்துச்சு."

வாயால் பேசி வேலைக்காகாது. அவள் பையிலிருந்து கயிறு கட்டிய தட்டை எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டுதான். நாலு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியிருந்தாள். அடியில் ஒரு கனமான இரும்பு.

"அடிப்பாவி!" கூட்டத்துக்குள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது. "அது என் தட்டு! தொலைச்சது அவருதான்னு மூணு வருஷமா உங்க சித்தப்பாவைத் திட்டிட்டு இருக்கேன்!"

சித்தப்பா மனைவியை முறைத்தார். துறையே சிரித்தது.

"நடு ஏரிக்குப் போவோம்," என்றாள் அவள். "இதை இறக்கறேன். செடி மேல போய் உட்கார்ற வரைக்கும் கண்ணுக்குத் தெரிஞ்சா டிரம் வந்த வழியே போகணும். நடுவுல மறைஞ்சா நானே திறந்து ஊத்தறேன்."

சித்தப்பா உடனே தலையாட்டினார். காரணம் இருந்தது. சாக்கடை விழுந்த காலத்தில் இதே தட்டை இறக்க அவர்தான் படகு ஓட்டினார். அவள் முழங்கை நனைவதற்குள் தட்டு காணாமல் போனது. அதற்குப் பிறகு அவர் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்ததில்லை. துடுப்பைத்தான் பார்த்தார்.

"சாட்சிக்கு நான் வரேன்," என்று தையல்காரர் ஏறிக்கொண்டார். "ஊசியில நூல் கோக்கற கண்ணு."

நடு ஏரி. அவள் கயிற்றை விட்டாள். தட்டு ஆடி ஆடி இறங்கியது.

"தெரியுதா?" கரை கத்தியது.

"தெரியுது!"

"இப்போ?"

"இன்னும் தெரியுதுய்யா!" தையல்காரருக்கே நம்ப முடியவில்லை. சித்தப்பாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு முழம்.

"காணோம்," என்றார் தையல்காரர்.

அவளும் குனிந்து பார்த்தாள். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கறை. போன வாரம் தெரிந்ததே!

சித்தப்பா தொடையைத் தட்டினார். "மூடியைத் திறக்கத் தயாராகு, பாட்டிலு!" ஜெயித்த இடத்தைக் கண்ணாரப் பார்க்க அவரும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"ஏம்மா... அழுக்கு நகருமா?"

கறை நகர்ந்தது. சுருங்கியது, விரிந்தது. அவள் கயிற்றை மெல்லச் சுண்டினாள். கறை அப்படியே வெடித்தது. நூல் நூலாகக் குஞ்சு மீன்கள், கணக்கில்லாமல், எட்டுத் திசைக்கும் தெறித்தன. நடுவில் தட்டு பளீரென்று வெளுத்துக் கிடந்தது. செடியின் தலைமேல் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"தெரியுது!" கத்தியது சித்தப்பாதான். எழுந்தே நின்றுவிட்டார். படகு குலுங்கியது. "தட்டு தெரியுதுடா! மீனுடா! அத்தனையும் மீன்!"

"சித்தப்பா, நீங்க தோத்துட்டீங்க!"

"இருக்கட்டும், இருக்கட்டும். இன்னொரு தடவை சுண்டு!"

குஞ்சுகள் திரும்ப வந்து தட்டை மொய்த்தன. சுண்டினாள். தெறித்தன. தையல்காரர் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். "அதுங்க வீட்டுக்குள்ளயா விஷத்தை ஊத்தப் பார்த்தோம்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

படகு துறையைத் தொடுமுன்பே ஆட்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். என்னைக் கூட்டிட்டுப் போ, எனக்குக் காட்டு என்று ஒரே கூச்சல். டிரம்மை யாரோ ஓரமாக உருட்டினார்கள்.

"துடுப்புல கீரை வருமே?" என்று அவள் சீண்டினாள்.

"துறையோரம் படகு போற வழியை மட்டும் அறுத்துக்கறேன். நடுவுல எவனாவது கை வெச்சான்..." சித்தப்பா துடுப்பை ஓங்கிக் காட்டினார். பிறகு கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, வீட்டுல போய் இன்னும் நாலு தட்டு எடுத்துட்டு வா!"

சித்தி வீட்டுக்குப் போகவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல ஏரிக்குள்ள என் தட்டை நான் பார்க்கணும். ஓட்டுங்க."