டீசலுக்கு அடியில்

...துருதான், வேறென்ன, இத்தனை வருடம் ஓடிய வண்டியில் துரு இல்லாமல் தங்கமா இருக்கும் என்று நினைத்தபடி அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள், டீசல் தொட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டியின் நட்டு சுற்ற மறுத்தது, ஸ்பேனரைப் போட்டு அழுத்தும்போதெல்லாம் துருப்பொடி கண்ணிலும் வாயிலும் கொட்டியது, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், அம்மி நகரும், இது நகராது. அவள் வேலை பார்க்கும் பேருந்துப் பணிமனையில் என்றால் வெல்டரைக் கூப்பிட்டு அறுத்துப் போட்டிருப்பாள், ஆனால் இது அப்பாவின் பிக்கப், அறுக்கிறேன் என்றால் தன்னையே அறுக்க வந்தவளைப் போலப் பார்ப்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் கால்கள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆயிடுச்சா பாப்பா என்றார். இன்னும் இல்லப்பா. சற்று நேரத்தில் அதே கேள்வி, அதே குரல், இப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல... காதோரம் நரைத்துவிட்ட பெண்ணை இன்னும் பாப்பா என்கிறார், பாசத்தில்தானா, அல்லது பெயர் மறந்துபோய் அதற்குப் பதிலாக இந்தப் பாப்பாவா? போன மாதம் இப்படி ஒரு சந்தேகம் வந்தது, கேட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை, கேட்காதவரைக்கும் அது பாசம்தானே.

வீடு மாறுகிறவர்களின் கட்டிலும் பீரோவும் சுமந்தே தேய்ந்த வண்டி இது, அப்பாவும் அப்படித்தான், இப்போது சுமை எடுப்பதில்லை, அம்மாவை ஏற்றிக்கொண்டு கடைக்கும் உறவுக்காரர்கள் வீட்டுக்கும் போய் வருவதோடு சரி, அதுவும் நின்றுபோய்ச் சில வாரம் ஆகிறது. கிளம்பும், தெருமுனை வரை போகும், தொண்டையில் சோறு அடைத்தவன் மாதிரி இருமிவிட்டு நின்றுவிடும். போனில் கேட்டபோதே சொல்லிவிட்டாள், தொட்டியில் துரு உதிர்ந்து ஃபில்டரை அடைத்திருக்கும், விடுமுறை நாளில் வந்து பார்க்கிறேன் என்று. நட்டு ஒருவழியாக முனகிக்கொண்டு கழன்றது, தொட்டியை இறக்கி, மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலில் வைத்தாள், கலங்கல் மெல்லத் தெளிந்தது, மேலே டீசல், கீழே தண்ணீர். கீழேதான் அதிகம். அவள் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்... குளிருக்குத் தொட்டிக்குள் வேர்த்துச் சேர்ந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் சேரும், இது அப்படியில்லை, குடம் கணக்கில் இருக்கும் போலிருக்கிறது, டீசல் போட்ட இடத்தில் கலந்திருந்தால் ஊரில் பாதி வண்டி நின்றிருக்குமே, மழை? தொட்டி மூடி பூட்டு போட்டது, ரப்பர்கூட நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டியின் உள்சுவரில் இரண்டு வகைத் துரு, ஒன்று கறுத்துப் பழுத்தது, இன்னொன்று செங்கல் நிறத்தில் புத்தம் புதியது, விரலால் தொட்டாலே ஒட்டிக்கொண்டு வந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் உள்ளே இருக்கிற துரு உரிந்து வரும், ஊற்றுவதற்குப் புனல் வேண்டும், கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அலமாரிக்கு மேலிருந்த பிளாஸ்டிக் புனலை எடுத்தாள். அது வேணாம், வேற தர்றேன் என்று அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்தாள், வந்த வேகம்தான் விசித்திரமாக இருந்தது, முட்டிவலிக்காரி இப்படி ஓடி வரமாட்டாளே. இதுக்கு என்னம்மா என்று கேட்டபடியே பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள், சமையல் எண்ணெய் நெடி இல்லை, சோப்புப் போட்டுத் தேய்த்த வாசனை, அதற்கும் அடியில், எத்தனை தேய்த்தாலும் போகாத டீசல்... அவள் கைக்கே அந்த வாசனைதானே, தப்பவே தப்பாது. இருவரும் புனலைப் பார்த்தார்கள். வெளியே அப்பா, ஆயிடுச்சா பாப்பா என்றார், பதில் சொல்ல யாருமில்லாத வண்டிக்கடியைப் பார்த்து.

"ரோட்டுல விட்டுட்டு வந்துட்டார்டி" என்றாள் அம்மா. அழவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்புகிற வழி, நெடுஞ்சாலையோரம் ஒரு கடை, அம்மா கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்தால் வண்டி இல்லை. நிழலுக்குத் தள்ளி நிறுத்தியிருப்பார் என்று முதலில் நினைத்தாளாம், பிறகு டீசல் போடப் போயிருப்பார் என்று, பிறகு எதுவும் நினைக்காமல் நின்றாளாம், பை வண்டிக்குள், போன் பைக்குள். கடைக்காரர் தன் போனைக் கொடுத்தாராம், வேண்டாம் என்றுவிட்டாளாம். எனக்காவது போட்டிருக்கலாமேம்மா என்றதற்கு, "போட்டு? கட்டினவர் என்னை மறந்துட்டுப் போயிட்டார்னு சொல்லவா?" என்றாள். பொழுது சாய்ந்த பிறகு குடும்பத்தோடு போன ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்து விட்டாராம். வீட்டில் அப்பா சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம், எங்க போயிட்ட இவ்வளவு நேரம், உன்னைத் தேடாத இடமில்லன்னாராம். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனதாகச் சொல்லிவிட்டாளாம். சாவிய வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கலாமே என்று மகள் கேட்டாள். "நான் புடுங்கினா என் மேல கோவம் வரும், நீ புடுங்கினா உன் மேல. வண்டி கெட்டுப் போனா வண்டி மேலதானே கோவப்படுவாரு" என்றாள் அம்மா, "டீசலுக்குத் தண்ணிதான் எமன்னு அவர்தானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருப்பாரு." அவர் தூங்கும் மதிய நேரங்களில் தொட்டி மூடியின் சாவியை எடுத்து, சொம்பு சொம்பாக... பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாத அம்மா.

மகள் புனலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், எடுத்ததை எங்காவது வைக்க வேண்டுமே, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா பார்த்துப் பார்த்துக் கெடுத்ததை நான் வந்து பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், நல்ல பிழைப்பு... மாட்டலாம், ஒரு குழாயைச் சரியாக முறுக்காமல் விட்டால் காற்று புகுந்து மறுபடி நிற்கும், சரிசெய்யத் தெரிந்த கைக்குக் கெடுக்கவா தெரியாது, ஆனால் அவரும் இதிலேயே ஊறியவர், கண்டுபிடித்துவிட்டால்? கண்டுபிடித்தாலும் நாளைக்கு மறந்துவிடுவார் என்று ஓர் எண்ணம் உள்ளே எட்டிப்பார்த்தது, சீ என்று அதைத் தள்ளினாள், அது போகவில்லை. பம்பு போய்விட்டது, தண்ணீர் உள்ளே ஏறித் துருப்பிடித்துவிட்டது, இந்தப் பழைய மாடலுக்கு இனிமேல் பாகம் கிடைக்காது என்று சொல்லலாம், அதில் பாதி உண்மையாகக்கூட இருக்கும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைவிடப் பாதிப் பூசணிக்காய் சுலபம். ஆனால் ஒருநாள் சொல்லி முடிகிற பொய்யா இது? காலையில் சொன்னால் மாலையில் கேட்பார், ஒவ்வொரு தடவையும் அந்த முகம் புதிதாக விழும், வண்டி செத்துப்போன செய்தியை அவர் தினம் தினம் முதல் தடவையாகக் கேட்க வேண்டும், அதைச் சொல்லப் போவதும் அம்மாதானே.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார், தொட்டி தரையில் கவிழ்ந்து கிடப்பதையோ, வண்டி கட்டைகளின் மேல் நிற்பதையோ பார்க்கவில்லை, நேராக ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவருகே போய், கண்ணாடியில் கையை நெற்றிக்குக் குடையாக வைத்து உள்ளே பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார், இருக்கையைத் தடவினார், கீழே கால் வைக்கும் இடத்தில்கூடக் குனிந்து தேடினார்.

"அம்மா ஏறிட்டாளா?"

"இல்லப்பா. இன்னும் ஏறல."

"அப்ப எடுத்துடாத" என்றார், குரல் ஒரு மாதிரி இறங்கிவிட்டது, "அவ ஏறட்டும்."

கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார், யாரோ அவரைக் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. மறந்துவிட்டார், அந்த மட்டும் அவருக்கு நிம்மதி என்றுதானே நினைத்தோம், நானும், அம்மாவும்கூட, கடை நினைவில்லை, சாலை நினைவில்லை, செய்தது நினைவில்லை, அந்தப் பயம் மட்டும் எங்கிருந்து வந்தது, என்ன செய்தோம் என்றே தெரியாமல் இத்தனை வாரமாக இதைத் தனியாகவா வைத்துக்கொண்டிருக்கிறார்? சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள், கேட்டிருப்பாளா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் கையில் ஸ்பேனர் இருந்தது, எடுத்தது மாட்டுவதற்கா கழற்றுவதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.