அம்முலு பக்கம் தள்ளிய பீஸ்கள்

கல்பனாவுக்கு டிவி என்றாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டு டிவி இல்லை, கம்பெனி டிவி. லைனுக்கு நேர் எதிரே சுவரில் மாட்டி, அதில் ஆறு பெண்களின் பெயரையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். வேகமாகச் செய்தால் பெயர் பச்சை, சுமாராகச் செய்தால் மஞ்சள், பின்தங்கினால் சிவப்பு. போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். மனுஷியின் மானத்தை இப்படியா சுவரில் மாட்டுவார்கள்?

காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களைக் கம்பெனி பஸ் காலையில் அள்ளிக்கொண்டு வரும். கல்பனா நாலு வருஷமாக கான்ட்ராக்ட். மாதக் கடைசியில் லைனுக்கு ஒருத்தியை பர்மனென்ட் ஆக்குவோம், கடைசியில் நிற்கிறவளின் கான்ட்ராக்ட்டை முடித்துவிடுவோம் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்கள். லைனிலேயே வேகமான கை கல்பனாவுடையது. பர்மனென்ட் அவளுக்குத்தான் என்று வீட்டில் மாமியார் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

டிவி வருவதற்கு முன்னால் கணக்கு மொத்த லைனுக்குத்தான். மணிக்கு அறுபது பீஸ் வந்தால் சரி, யார் எத்தனை சுற்றினாள் என்று எவனும் கேட்டதில்லை. ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் பக்கத்தில் இருப்பவள் எட்டி அவளுடையதையும் சுற்றிவிடுவாள். அதற்கு 'கை போடுறது' என்று பெயர். இப்போது ஆளுக்கொரு கார்டு. பீஸ் முடிந்ததும் கார்டை மேஜையிலிருக்கும் மெஷினில் தட்டினால்தான் அது அவள் பெயரில் ஏறும்.

டிவி வந்த முதல் வாரமே, லைனில் பக்கத்தில் உட்காரும் அம்முலுவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள்.

"நெருப்பா எரியுதுக்கா. டேப்பைத் திருப்ப முடியல. என் பேரு செவந்துட்டா இன்னா பண்ணுவேன்?" என்று சாப்பாட்டு நேரத்தில் அழுதாள்.

கல்பனா எல்லோரையும் கூப்பிட்டாள். "மணிக்கு ஆளுக்கு ரெண்டு பீஸ முடிச்சி அவ பக்கம் தள்ளி வுடுங்கடி. அவ கார்டுல தட்டிக்கட்டும். குடி ஒண்ணும் முழுகிப்பூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டல் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் சுதாவின் பெயர் மஞ்சளானது.

"கோச்சிக்காதக்கா. என் பேரு இறங்கிக்கினே போது" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. சத்தம் போடாமல் நிறுத்திவிட்டார்கள்.

கல்பனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்கள் என்னடி கொடுக்கிறது என்று அத்தனையையும் தானே தள்ளினாள். எத்தனை தள்ளினோம் என்று எண்ணவில்லை. நாலு வருஷமாக எண்ணிப் பழகாத கை. அம்முலுவின் பெயர் உச்சிக்குப் போய்ப் பச்சையாக நின்றது. கல்பனாவின் பெயர் சிவந்தது. அது அவள் கண்ணில் படாமலில்லை. ஆனால் சூப்பர்வைசர் ஸ்ரீகாந்த் சாருக்கு நம் கையைத் தெரியாதா, நாலு வருஷமாகப் பார்க்கிற மனுஷன்தானே என்று இருந்துவிட்டாள். அங்கேதான் ஏமாந்தாள். அந்த மனுஷன் கையைப் பார்ப்பதை நிறுத்தி மூன்று வாரமாகியிருந்தது. இப்போதெல்லாம் அவர் பார்ப்பது டிவிக் கணக்கு வந்து விழுகிற போனை மட்டும்தான்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை அவர் போனோடு வந்து நின்றார்.

"என்னம்மா கல்பனா, மூணு வாரமா செவப்பு? அம்முலுவைப் பாரு, டாப்ல இருக்கா. அம்முலு, எழுந்து வா. அக்காவுக்கு எப்படிப் பண்றதுன்னு சொல்லிக் குடு."

அம்முலுவின் முகம் வெளுத்தது. இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று கல்பனா காத்திருந்தாள். அம்முலு எழுந்து வந்து கல்பனாவின் பின்னால் நின்று, வீக்கமில்லாத இடது கையால் ஒயரைத் தொட்டாள்.

"அக்கா... இப்டி கொஞ்சம் சாச்சிப் புடி. ஸ்பீடா வரும்."

அடிப்பாவி! அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே கல்பனாதான். சுதா தலை குனிந்தபடி டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லக் கல்பனாவின் நாக்கு துடித்தது. ஆனால் ஒருத்தி வேலையை இன்னொருத்தி கார்டில் ஏற்றியது தெரிந்தால் இரண்டு பேரையும் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து அவள் ஒரு பீஸ்கூடத் தள்ளவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் என்று அம்முலுவுக்குக் கணக்கிலிருந்து விலக்கு கிடைத்திருந்தது. மறுநாள் மதியத்துக்குள் கல்பனாவின் பெயர் பச்சையானது.

"பாத்தியா?" என்று ஸ்ரீகாந்த் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அம்முலு நாலு வார்த்தை சொன்னதும் எப்படி ஏறுது! திறமைன்னா இதான்."

சனிக்கிழமை லிஸ்ட் வந்தது. அம்முலு ட்ரெய்னர், பர்மனென்ட். கல்பனாவை ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள்.

"கடைசி வாரம் நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா சிஸ்டம் மாசத்துக்கும் சேர்த்துதான் ஆவரேஜ் போடும். கடைசிப் பேரு உன்னுது. என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஸ்ரீகாந்த், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸை நோக்கி நடந்தபோது அம்முலு பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் நீர்.

"எனுக்கு மனசே ஆறலக்கா. நான் வேணா சாராண்ட போய் உண்மைய சொல்லிடட்டா?"

என்ன பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறாள் என்று கல்பனாவுக்குத் தெரியாதா? வேணாண்டி, நீயாவது நல்லா இரு, புள்ளைங்களைப் பாரு. போன மாதத்துக் கல்பனாவாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"சொல்லு" என்றாள். "உள்ளதான் கீறாரு. போ."

அம்முலு திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குள் ஸ்ரீகாந்த் உட்கார்ந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. பதினைந்து அடிகூட இருக்காது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள்.

"ஏறுங்கடி, வேதகிரி அண்ணன் வண்டிய எடுக்கறாரு" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து சுதா கூப்பிட்டாள்.

அம்முலு முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. கல்பனா உத்திரமேரூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.