உள்கைப்பிடி இல்லாத கதவு

இருபத்து மூவாயிரத்து அறுநூறு. மச்சினனுக்குச் சுமைக்காரர் வைத்திருந்த பாக்கி அது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி, வீட்டில் மல்லாக்கப் படுத்துக் கிடந்த காலத்தில் வாங்கியது. வாங்கியது முப்பதாயிரம். அவ்வப்போது கொஞ்சம் அடைத்தது போக இவ்வளவு நின்றது. நின்றது நின்றதுதான், இரண்டு வருஷமாக அதிலிருந்து ஒரு நூறு இறங்கவில்லை.

மச்சினன் ஒரு நாளும் வாய் விட்டுக் கேட்டதில்லை. சுமைக்காரருக்கு அதுதான் பெரிய தொந்தரவு. கேட்டால் கோபப்படலாம், பஞ்சப்பாட்டு பாடலாம், ஒரு தேதி சொல்லி இழுக்கலாம். கேட்காத ஆளிடம் என்ன செய்வது? பெண்டாட்டியின் தம்பி வேறு. வீட்டுக்கு வந்தால் “சாப்பிட்டீங்களா மாமா” என்று மட்டும் கேட்பான். அந்தக் கேள்விக்குள்ளே அறுநூறு வரைக்கும் துல்லியமாகப் பாக்கி உட்கார்ந்திருப்பதாக இவருக்குத் தோன்றும். அவன் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் பின்வாசல் வழியாக எதையாவது வாங்கி வரக் கிளம்பிவிடுவார். வீட்டில் தேவைக்கு மேல் தீப்பெட்டி சேர்ந்து கிடந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்கு அப்படிக் கிளம்ப முடியவில்லை. அவர் வேலை பார்த்தது காய்கறி வைக்கும் குளிர்கிடங்கில். அதற்குள்ளே சுவரில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. கதவைத் திறப்பது மூடுவது, குளிர் எவ்வளவு என்று காட்டுவது, பெட்டி பெட்டியாக வரும் சரக்கின் எடையை எழுதிக்கொள்வது எல்லாம் அதுதான். குளிரின் அளவைத் தப்பாகக் காட்டுகிறது என்று மேஸ்திரி ஆளுக்குச் சொல்லியனுப்ப, வந்து நின்றது மச்சினன். அந்த வரிசைக் கிடங்குகளுக்கெல்லாம் இந்தப் பெட்டிகளை மாட்டியது அவன்தான். உங்க மச்சினன்தானே, கூடப் போய் வெளிச்சம் பிடிங்க என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கணக்கு பார்க்க மறுதெருவுக் கிடங்குக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் திரும்புவார்.

இருவரும் உள்ளே போனதும் கதவு தானாக நகர்ந்து மூடிக்கொண்டது. குளிர் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்திருக்க வேண்டும். பெட்டி வேலை செய்யாவிட்டாலும் அதை இழுத்தால் கதவு விட்டுவிடும். ஆனால் சரக்கு ஏற்றும்போது அது கூடைகளில் மாட்டி மாட்டிச் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் சுமைக்காரரும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து நட்டைக் கழற்றி அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அது வெளியே ஆணியில் தொங்கியது. அதில் அவர்கள் சட்டை மாட்டுவார்கள்.

பெட்டிக்கு நேர் கீழே தரையோடு தரையாக எடை மேடை. ஈரத் தரையில் நின்றால் குளிர் உள்ளங்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறும் என்பதால், சும்மா இருக்கிற நேரத்தில் சுமைக்காரர்கள் எல்லாருமே மேடையில் ஏறித்தான் நிற்பார்கள். இவரும் ஏறினார். பக்கத்தில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. மச்சினன் மேடைக்கு வெளியே ஓரமாகப் போட்ட ஸ்டூலில் ஏறியபடி எட்டிப் பார்த்து, மாமா எடை கூடிட்டீங்க என்றான். இவருக்கு அதுவும் பாக்கியைப் பற்றிச் சொன்னது போலவே இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. மின்சாரம் போய் உடனே வந்துவிட்டது. விசிறிகள் மறுபடி உறுமத் தொடங்கின. அவற்றுக்குத் தனிச் சுவிட்ச், அவை யாரையும் கேட்கத் தேவையில்லை. பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை இரண்டு தடவை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. கதவுப் பொத்தானை மச்சினன் அழுத்தினான். வெறும் சுவரை அழுத்தின மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

எழுந்திருக்க மாட்டேங்குது என்றான் அவன். பெட்டிக்குள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் லினக்ஸ் என்று ஒன்று ஓடுகிறது, மின்சாரம் வந்ததும் அது தானாக எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும், எழுந்தால் பச்சை விடாமல் துடிக்கும் என்று விளக்கினான். லேப்டாப் இருந்தால் பெட்டி என்ன சொல்லுகிறது என்று படித்துவிடலாம். லேப்டாப் வெளியே வண்டியில் இருந்தது. தகரமும் தெர்மோகோலும் அடைத்த சுவர்களுக்குள்ளே போன் வேலை செய்யவில்லை. இருவரும் மாறி மாறிக் கதவைக் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு தடிப்பான கதவு. குத்து தங்கள் கைக்குள்ளேயே திரும்பி வந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். மச்சினன் அவற்றைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். இவர் மேடைக்குத் திரும்பிப் போய் டார்ச்சை உயர்த்திப் பிடித்தார்.

மச்சினன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதலில் கரண்ட். மீட்டரை வைத்து, வர வேண்டிய அளவு வருகிறது என்றான். அணைத்துப் போட்டான். சிவப்பு. பிறகு நகக்கண் அளவுக்கு ஒரு கார்டை உருவி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினான். சிவப்பு. பையில் வைத்திருந்த இன்னொரு கார்டைப் போட்டான். அதற்கும் சிவப்பு. கதவு மோட்டார் ஏதாவது இழுத்துப் பிடிக்கிறதோ என்று அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் போட்டான். ஒவ்வொரு தடவையும் பச்சை இரண்டு தடவை மினுக்கும். இரண்டு பேரும் மூச்சைப் பிடிப்பார்கள். பிறகு தூக்கத்தில் புரண்டு படுத்த ஆள் மாதிரி அது அடங்கிவிடும்.

சுமைக்காரரிடம் கம்பளி அங்கி ஒன்று இருந்தது. அவனிடம் அரைக்கைச் சட்டைதான். அங்கியைக் கழற்றி நீட்டினார். வேண்டாம் மாமா என்றான். வாங்கிக்கோ என்றார். வேண்டாம் என்றான். கொடுக்கிற ஒரே சமயத்திலும் வாங்க மாட்டேன் என்கிறானே என்று இவருக்குச் சுருக்கென்றது. கடைசியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முடிவாயிற்று. உள்ளே இருந்த கேரட்டும் முட்டைக்கோசும் அவர்கள் பேசாமலிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தன. விசிறிச் சத்தம் காதுக்குள்ளே போய்க் குடியேறிவிட்டது. நான்கு சுவர், கூரை, ஒரு மச்சினன். பின்வாசல் இல்லை.

நேரம் போகப் போகச் சுமைக்காரருக்கு நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. பயம் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் மேஸ்திரி வருவார், வெளியிலிருந்து ஏதாவது செய்வார், யாரும் சாகப் போவதில்லை. ஆனால் அதுவரை இவன் கேட்காமல் இருப்பதை இவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அது முடியாது என்று தோன்றிய நிமிஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

“மாப்ள, அந்தப் பாக்கிய நான் மறக்கல.”

மச்சினன் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்திருந்தான். எடுத்துவிட்டுச் சொன்னான். “இப்ப யாரு மாமா அதக் கேட்டா?”

“நீ கேக்கவே மாட்டேங்கிறியே. அதான் எனக்குத் தாங்கல. ரெண்டு வருஷம். ஒரு தடவ கேட்டுத் தொலையேன்.”

 குளிரில் அவனுக்கும் பொறுமை தேய்ந்திருக்க வேண்டும்.

“அக்கா கேக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கு. உங்களால முடியாதாம். கேட்டா ஒடஞ்சு போயிருவீங்களாம். போதுமா?”

 வீட்டில் அவள் சுமைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தீப்பெட்டி வாங்கி வரும்போதெல்லாம் எதுவும் கேட்காமல் வாங்கி அடுக்கினாளே, அது இதனால்தான். தன்னைத் தவிர எல்லாரும் சேர்ந்து தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். டார்ச்சை ஸ்டூலில் வைத்தார். மேடையிலிருந்து இறங்கிக் கதவு மூலைக்குப் போய், இரண்டு ஓட்டைகளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஈரம் செருப்பைத் தாண்டி ஏறியது. ஏறட்டும்.

பின்னால் மச்சினன் சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு “மாமா” என்றான், மிக மெதுவாக.

பச்சை துடித்துக்கொண்டிருந்தது. நிற்காமல்.

சுமைக்காரர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். இருங்க, தொடாதீங்க என்றான் அவன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியை அல்ல, காலியாகக் கிடந்த மேடையை. மறுபடி ஏறி நிற்கச் சொன்னான். ஏறினார். அவன் பெட்டியை அணைத்தான். உயிர் வந்ததை இவனே கொல்கிறானே என்று இவர் நினைத்தார். போட்டான். பச்சை இரண்டு மினுக்கு, பிறகு சிவப்பு. இறங்கச் சொன்னான். அணைத்துப் போட்டான். பச்சை துடித்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். தலையைக் குனிந்தபடி சொன்னான். பெட்டி எழுந்திருக்கும்போது முதல் மூன்று நொடி, யாராவது என்னோடு பேச வேண்டுமா என்று காத்துப் பார்க்கும். ரிப்பேர் செய்கிறவனுக்காக வைத்த ஏற்பாடு அது. அந்தப் பேச்சுக்கான ஒயரைச் செருகப் பெட்டியில் தனி வாய் இருக்கிறது. யாரும் பேசாவிட்டால் எழுந்து வேலையைப் பார்க்கும். அந்த ஒயர் வழியாகச் சின்னச் சத்தம் வந்தாலும் எழுவதை நிறுத்திவிட்டு, சொல்லுங்க ஐயா என்று அப்படியே நின்றுவிடும். எடை மேடையோ, ஆளோ சரக்கோ ஏறினால் எடையை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். காலியாக இருந்தால் வாய் திறக்காது. அந்த மேடையின் ஒயரை அவன் அதே வாயில் செருகியிருந்தான். காலையில் மேடை காலியாக இருக்கும்போதே பெட்டியைப் போடுவார்கள் என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

“ஏன் அங்க செருகுன?” என்று சுமைக்காரர் கேட்டார்.

வேறு வாயில் செருக ஒரு சின்ன இணைப்புத் துண்டு வாங்க வேண்டும் என்றான். அதை வாங்கவில்லை. பில்லில் மட்டும் போட்டிருந்தான். இந்த வரிசையில் எல்லாக் கிடங்கிலுமா என்று இவர் கேட்டதற்கு, எல்லாவற்றிலும்தான் என்றான்.  முதலாளிக்குத் தெரிந்தால் நாளையிலிருந்து ஒரு கிடங்கிலும் அவனை ஏற்ற மாட்டார்கள்.

அவன் எழுந்து பொத்தான் பக்கம் வந்தான். ஆனால் அழுத்தவில்லை.

“மாமா, அந்தப் பாக்கிய விட்டுருங்க. நான் விட்டுட்டேன். இது நமக்குள்ள இருக்கட்டும்.”

இரண்டு வருஷமாகக் கனவு கண்ட வார்த்தை. ‘விட்டுருங்க.’ கடைசியில் வந்தது இந்த வேஷத்திலா என்று சுமைக்காரர் நினைத்தார். சரி என்றால் வாயைத் தைத்துக்கொண்டு இந்த மேடைமேல் தினமும் நிற்க வேண்டும். மாட்டேன் என்றால் பெண்டாட்டியின் தம்பி தெருவில் நிற்பான், பாக்கியும் அப்படியே கிடக்கும், அவள் முகத்தில் முழிக்க முடியாது. பச்சை துடித்துக்கொண்டிருந்தது. பொத்தான் ஒரு கை தூரத்தில் இருந்தது. அவருக்கு மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

நாளைக் காலை காய் பொறுக்க இரண்டு பெண்கள் வருவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர்களும் கால் நனையாமலிருக்க இதில்தான் ஏறி நிற்பார்கள்.

“மொதல்ல ஒயர உருவு,” என்றார்.

“உருவுனா பெட்டில எடை ஏறாது மாமா. மேஸ்திரி கேப்பாரு.”

“கேக்கட்டும். வாங்காத துண்ட வாங்கி நாளைக்கு மாட்டு. எல்லாக் கிடங்குலயும் மாட்டு. கைப்பிடிய நான் மாட்டுறேன், அது எங்க தப்பு. அப்புறம் பொத்தான அமுக்கு.”

மச்சினன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். மாமா இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஒயரை உருவினான். சுமைக்காரர் மேடையில் ஏறிப் பார்த்தார், எடை எண்கள் ஓடின, கேட்பதற்கு ஆளில்லாமல்.

கதவு நகர்ந்தது. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. சாயங்காலம் வந்த மேஸ்திரியிடம் தராசுப் பக்கம் ஒரு கோளாறு, நாளை என் செலவில் சரிசெய்கிறேன் என்று மச்சினன் சொன்னான். இவர் பக்கத்தில் நின்றார். மேஸ்திரி இவரைப் பார்த்து அப்படித்தானா என்று கேட்டார். அப்படித்தான் என்றார். பில்லில் போட்ட துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. கைப்பிடியை ஆணியிலிருந்து எடுத்து, தொங்கிய சட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, நட்டைத் தேடத் தொடங்கினார்.

அந்த வாரம் முழுக்க மச்சினன் கிடங்கு கிடங்காகப் போனான். ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை சுமைக்காரர் எங்கும் போகவில்லை. பெண்டாட்டி தம்பிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

“அக்கா, மாமா எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. தீந்துருச்சு.”

அவள் கரண்டியோடு நின்றாள். முகம் மலர்ந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எப்படித் தீர்ந்தது என்று கேட்டாள். மச்சினன் சோற்றைப் பிசைந்தான். பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்று சுமைக்காரருக்குப் புரிந்தது.

“வேலைல கழிச்சாச்சு,” என்றார்.

அவள் சந்தோஷத்தில் அவருக்கும் ஒரு கரண்டி கூடப் போட்டாள். அவர் அதைச் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.