சீமாட்டிக்குத் தொழுவத்துப் பேச்சு

என் அக்கா ஆஸ்லாக் மினசோட்டாவில், பன்னிரண்டு பசுமாடுகளுக்கும் ஒரு லூத்தரன் தேவாலயத்துக்கும் நடுவில் பிறந்தாள். அவள் பிறந்தது நார்வேயில், கடலோரக் கோட்டை ஒன்றில் என்பது எங்களுக்கே பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது.

அதை எழுதியவர் லெஸ்டர் ப்ராட். ஹாலிவுட்டில் அக்காவைச் சேர்த்துக்கொண்ட படக் கம்பெனியின் விளம்பர அதிகாரி. ஆஸ்லாக் குவோலே என்ற பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்டதால், ஆஸ்டா வேன் என்று மாற்றினார். மாற்றிய கையோடு அவள் ஊரையும் அப்பாவையும் மாற்றினார். அப்பா பிரபு ஆனார். ஒரு கிழட்டு மாப்பிள்ளைக்குப் பயந்து கப்பலேறியவள் ஆனாள் அக்கா. உண்மையில் அவள் ஏறியது ரயில். மடியில் அம்மா சுருட்டிக் கொடுத்த உருளைக்கிழங்கு ரொட்டி. துணைக்கு நான், அவள் தங்கை குன்வோர். எனக்கும் அதே கம்பெனியில் உடை தைக்கும் வேலை கிடைத்தது. தையல்காரிக்குக் கோட்டை தேவைப்படாததால் என் பெயர் தப்பித்தது.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். ப்ராட்டைத் தேடிப் போய்க் கேட்டார்.

“என்னைப் பிரபு ஆக்கினது நீங்கதானா?”

“நான்தான் சார். சந்தோஷம்தானே?”

“நார்வேயில பிரபுப் பட்டத்தையெல்லாம் ஒழிச்சு நூறு வருஷமாச்சு. அது போகட்டும். நான் பிரபுன்னா மாட்டுக்கு வைக்கோல் யார் போடுறது? அதையும் எழுதிடுங்க.”

ப்ராட் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த வாரப் பத்திரிகையில் அப்பா, ‘கால்நடைகளில் நாட்டமுள்ள பிரபு’.

பேசாப் படக் காலத்தில் அக்கா ரஷ்யாக்காரியாக நடித்தாள், ஸ்பெயின்காரியாக நடித்தாள், பாரிஸ் நகரத்துப் பாவியாக நடித்தாள். நார்வேக்காரியாக மட்டும் நடிக்கவில்லை, முகம் பொருந்தவில்லையாம். ஒன்பது படங்களில் ஏழில் செத்தாள். அதில் நான்கு சாவு பனியில், அதாவது பனி என்று கொட்டிவைத்த உப்பில். பனியில் எப்படி நடப்பது என்று பனியையே காணாத டெக்சாஸ்காரர் ஒருவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பனியிலேயே வளர்ந்த மினசோட்டாக்காரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு படம் பேசத் தொடங்கியது. அக்காவும் பேசினாள். ஒலிப்பதிவு அறையிலிருந்து வெளியே வந்த டைரக்டர், ஈமச் சடங்குக்கு வந்தவர்போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் இங்கிலீஷ்ல மாட்டுமணிச் சத்தம் கேக்குதும்மா.”

மாதம் முழுக்க ஒரு வாத்தியாரம்மா வந்து அவள் வாயில் கார்க் வைத்துப் பேசப் பழக்கினாள். அக்காவுக்குத் தாடை வீங்கியதுதான் மிச்சம். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டோம். அப்போதுதான் ப்ராட்டுக்கு யோசனை வந்தது. கம்பெனி எடுக்கும் படங்களை அயல்மொழிகளிலும் எடுப்பது அப்போதைய மோகம். அவர் நேரே உடை அறைக்கு வந்தார்.

“ஆஸ்டா, உனக்கு நார்வே பாஷை தெரியும்தானே?”

“பொறந்ததுலேர்ந்து பேசுறேன்.”

“பின்னே என்ன? இப்ப இங்கிலீஷ்ல எடுக்குற சீமாட்டி படத்தை நார்வே பாஷையிலயும் எடுக்குறோம். நீதான் சீமாட்டி.”

ஆங்கிலப் படத்தில் சீமாட்டியாக நடித்தவள் ஒஹாயோவில் ஒரு வீட்டுப் புரோக்கரின் மகள். அவள் கழற்றிய கவுனை நான் தோளில் இரண்டு அங்குலம் பிரித்து அக்காவுக்கு மாட்டுவேன். அதே மாடிப்படி, அதே தொங்குவிளக்கு. காதலனாக வந்தவன் டென்மார்க்காரன். “பக்கத்து வீடுதானே, யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் ப்ராட். அக்காவின் பேச்சைச் சரிபார்க்கக் கம்பெனியில் நார்வே பாஷை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எனக்குச் சரியாகத்தான் பட்டது. நானும் அதே தொழுவத்தில் பேசக் கற்றவள் ஆயிற்றே.

ஓஸ்லோவில் முதல் காட்சிக்கு அக்காவையும் என்னையும் ப்ராட் அழைத்துப் போனார். அப்பா சொன்ன அந்த நாட்டை நாங்கள் கண்டது அப்போதுதான். அரங்கம் நிறைய வால் கோட்டும் முத்துமாலையும். அக்கா முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

திரையில் சீமாட்டி வெள்ளைப் பட்டு உடுத்தி மாடிப்படியில் நின்றாள். காதலன் கதவை நோக்கி நடந்தான். சீமாட்டி நெஞ்சில் கைவைத்து, உயிர் உருகச் சொன்னாள்:

“எங்கிட்டுய்யா போறீக? என்னைய இப்பிடி விட்டுப்புட்டுப் போயிராதீக!”

எங்கோ ஒருவர் இருமினார். இருமல் சிரிப்பானது. அடுத்த வசனத்துக்கு அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தாத்தா நார்வே மலைப் பள்ளத்தாக்கிலிருந்து அறுபது வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த பேச்சு, மினசோட்டாவில் உப்புப் போட்ட மீன்போலக் கெடாமல் இருந்திருக்கிறது. ஓஸ்லோ சீமான்களின் காதுக்கு அது மாட்டைத் தண்ணிக்கு ஓட்டுகிற குரல். சாகும் காட்சியில் ஒரு கிழவருக்குப் புரை ஏறி, வெளியே தூக்கிப் போனார்கள்.

காலைப் பத்திரிகை இரக்கமே காட்டவில்லை. ‘சீமாட்டி காதலனை அழைத்த குரலுக்குத் தெருவில் நின்ற பால்வண்டிக் குதிரை திரும்பிப் பார்த்தது’ என்று எழுதியிருந்தது. ப்ராட் ஓட்டல் அறைக்குள் குதித்தார்.

“பாஷை தெரியும்னு சொன்னியே!”

“பிரபு மகள்னு நீங்க சொன்னீங்களே,” என்றாள் அக்கா.

அவர் அடுத்த கப்பலில் கிளம்பினார். எங்களுக்குச் சீட்டு எடுக்க மறந்துபோனார். அன்று அக்கா காபியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி காபியைத் தொடவில்லை என்றால் பாதிரியாருக்கு ஆள் அனுப்புவோம்.

“சிரிச்சது அப்பாவைப் பாத்துடி,” என்றாள். “தாத்தாவைப் பாத்து. அதான் தாங்கல.”

மதியம் திடீரென்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“எங்கேக்கா?”

“படத்துக்கு. இன்னொரு வாட்டி பாக்கணும்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கூட்டம் முந்தின நாளைவிட அதிகம், பத்திரிகைக்கு நன்றி. ஆனால் அக்கா இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. தலைகளைப் பார்த்தாள். எந்தச் சொல்லுக்கு ஆடுகின்றன, எந்த இடைவெளிக்குக் காத்திருக்கின்றன என்று விரல் மடக்கினாள். ஒன்பது படத்திலும் அவளை ஒருவரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவை பேசாப் படங்கள் என்பதும் ஒரு காரணம்.

வாசலில் தடித்த மனிதர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஐலர்ட் ஸ்டுபெருட், சிரிப்பு நாடகக் கொட்டகை நடத்துபவர்.

“எங்க கொட்டகைக்கு வர்றீங்களா அம்மா? இப்படியே பேசினாப் போதும்.”

“என்ன வேஷம்?”

“மலைநாட்டுலேர்ந்து வந்து, ஒரு மந்திரி வீட்டுல சமைக்கிறவ.”

“சாவேனா?”

“எதுக்குச் சாகணும்?”

“பழக்கம்தான்,” என்றாள் அக்கா.

அவர் கொடுத்த நாடகத்தில் சமையல்காரி மடச்சி. அக்கா இரண்டு நாள் அதைப் படித்துவிட்டு, பென்சிலால் மந்திரியை மடையனாக்கினாள். ஸ்டுபெருட் முகம் சுளித்தார். “மந்திரிங்க கோவிச்சுப்பாங்க.”

“எந்த மந்திரியாவது ‘அது நான்தான்’னு எழுந்து நிப்பானா?”

ஒருவரும் நிற்கவில்லை. நாடகம் இரண்டு வருஷம் ஓடியது. மலைநாட்டிலிருந்து தங்கள் பேச்சைக் கேலி செய்வதாகக் கேள்விப்பட்டு, ஒரு பஸ் நிறைய ஆட்கள் சண்டை போடவே வந்தார்கள். பார்த்துவிட்டு, ஆட்டுக்கால் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ப்ராட்டிடமிருந்து தந்தி வந்தது. தான் கண்டெடுத்த மேதையை உலகம் கேட்கிறது என்று அடித்திருந்தார். சொந்தப் பெயரில் நடிப்பதாக இருந்தால் மட்டுமே வருவேன் என்று அக்கா பதில் அடித்தாள். ஆஸ்லாக் குவோலே என்று பெரிய எழுத்தில் போட்டார்கள்; ஒருவர் நாக்கும் சுளுக்கவில்லை. அப்பா மளிகைக்கடைக் கண்ணாடியில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதித்தாராம். இல்லை என்றதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாராம்.

சமையல்காரியாக, விடுதிக்காரியாக, வாயாடி மாமியாராக முப்பத்திரண்டு படம் நடித்தாள். சென்ற வருஷம் நடிப்பை நிறுத்தினாள். காரணம் கேட்டு ஓர் இளம் நிருபர் வந்தான்.

“முழங்கால் வலி,” என்றாள் அக்கா.

அவன் முகம் வாடியது. “அதுக்குப் பின்னால ஏதாவது சோகம் இருக்குமே, மேடம்?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“இருக்கு. ரெண்டு முழங்காலும் வலிக்குது.”