பழைய முகவரிக்கு வந்த கடிதங்கள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் எனக்குச் சொல்ல மனம் வராது. கூட்டத்தில் காணாமல் போன ஒரு மனிதரின் கதை இது. அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வந்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கடிதங்களின் கதையும்கூட.

அடி அண்ணாமலையில் ஜோதியம்மாள் என்று ஒருத்தி, கிரிவலப் பாதையோரம் சுக்குக் காபி விற்பவள். அவள் புருஷன் பலராமனுக்கு இரண்டு வருடமாகவே நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. ஒரு பௌர்ணமியன்று அவள் அடுப்பைப் பார்க்கக் குனிந்து நிமிர்வதற்குள், மனிதர் கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்.

வேங்கிக்காலில், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் அறக்கட்டளை ஒன்று உண்டு. வழி தப்பியவர்கள் கிடைத்த பஸ்ஸில் ஏறி ஏதோ ஓர் ஊரில் இறங்கிவிடுவார்கள். அங்கிருக்கும் காப்பகங்கள் அவர்களுடைய படத்தை இந்த அறக்கட்டளைக்கு மெயிலில் அனுப்பும். அலுவலகம் வேதாவின் பொறுப்பு. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தருமன்.

ஜோதியம்மாள் தினமும் காலையில் வந்து, "மெயில் வந்துச்சா தம்பி?" என்பாள். "இல்லீங்கம்மா" என்பான் தருமன். போய்விடுவாள். ஒன்பதாம் நாள் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்பா, இத்தினி ஜனம் வந்துட்டுப் போச்சே, எங்க ஊட்டுக்காரரு ஒருத்தருதான் தொலைஞ்சாரா? வேற யாரப் பத்தியும் ஒரு மெயிலும் வரலியா?"

"வரலீங்கம்மா."

"அப்ப உன் பொட்டிதான் செத்துப்போச்சு. மொதல்ல அதப் பாரு."

தருமனுக்குச் சுருக்கென்றது. பௌர்ணமி கழிந்தால் ஏழெட்டுக் காப்பகங்களாவது எழுதும். இந்த முறை ஒன்றுகூட வரவில்லை. யாரும் தொலையவில்லை போலிருக்கிறது என்று அவன் நிம்மதியாக இருந்துவிட்டான்.

அறக்கட்டளையின் மெயில் முகவரி இந்தப் பௌர்ணமிக்குச் சற்று முன்புதான் மாறியிருந்தது. தன் போனிலிருந்து அந்தப் புது முகவரிக்கு ஒரு மெயில் போட்டான். வந்து சேர்ந்தது. பழைய முகவரிக்குப் போட்டான். ஒரு நிமிடத்தில் அவனுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அது. மெயில்களை வாங்கிச் சேர்க்கும் புது சர்வரை அமைத்துக்கொண்டிருந்தான். எந்த முகவரிக்கு வரும் மெயிலை எந்தப் பெட்டியில் சேர்ப்பது என்று சர்வருக்கு வரிவரியாக எழுதித் தர வேண்டும். புது முகவரிக்கு எழுதியாயிற்று. பழையதற்கு எழுதப் போகையில் வேதா வந்து நின்றாள்.

"பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும் தருமா. அதுக்குள்ள சூடம் ஏத்தி ஆரம்பிச்சிடு. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

அவனும் சூடம் காட்டிவிட்டு சர்வரை ஓடவிட்டான். மத்தியானமே பௌர்ணமி வேலை வந்து சூழ்ந்துகொண்டது. அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

காப்பகங்களின் கையில் இருந்ததோ பழைய முகவரி மட்டும்தான். அதற்கு வந்த கடிதத்தை எங்கே சேர்ப்பதென்று தெரியாத சர்வர், வெளியே இணையத்தில் விசாரித்தது. "உன்னிடம்தான் சேர்க்க வேண்டும்" என்றே பதில் வந்தது. தனக்கே அனுப்பிக்கொண்டது, மறுபடி விசாரித்தது. இருபது முப்பது முறை சுற்றவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட்டது. அனுப்பியவர் யார், எப்போது என்ற குறிப்பு மட்டும் சர்வரில் மிஞ்சியிருந்தது. முப்பத்தொரு கடிதங்கள். அவற்றில் நான்கு, கடலூர்ப் பக்கத்துக் காப்பகம் ஒன்று நாளுக்கு ஒன்றாக அனுப்பியவை. ஐந்தாம் நாள் அதுவும் நின்றிருந்தது.

தருமன் விட்டுப்போன வரியை எழுதினான். வேதா காப்பகங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். கடலூர்க்காரர் சொன்னார்: "நாலு வாட்டி அனுப்பிச்சோங்க. திரும்பித் திரும்பி வந்துச்சு. சரி, இவங்க ஆபீஸ மூடிட்டாங்க போலன்னு உட்டுட்டோம். இருங்க, இன்னொருக்கா அனுப்பறேன்."

மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெயில் வந்தது. படத்தில் இரும்புக் கட்டிலில் பலராமன், கையில் குளுக்கோஸ் குழாயோடு. ஆள் பாதியாகியிருந்தார்.

"அவருதான்" என்றாள் ஜோதியம்மாள்.

தருமன் எழுந்து நின்றான். "அம்மா, என் தப்பு. ஒரு வரி எழுதாம உட்டுட்டேன்."

"நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றாள் வேதா.

ஜோதியம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "திட்றதுக்கு எங்கிட்ட நெறைய இருக்குது. வந்து திட்றேன். மத்தவங்க ஊட்டுக்கெல்லாம் இப்பவே சொல்லுங்க. அதையும் அப்புறம்னு உட்றாதீங்க."

அன்று சாயங்காலமே கடலூர்ப் பக்கம் போய்க் கட்டிலருகே நின்றாள். பலராமனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீயும் மலைய சுத்த வந்தியாம்மா? இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது?"

"முடிஞ்சிடுச்சுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டுக்குப் போலாம், வாங்க."

அவரும் கையை விடாமல் எழுந்தார்.

கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் திரும்பி வரட்டும். உங்களுக்கென்று எழுதப்பட்ட நல்ல சொல் எதுவும் வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து சேரட்டும். உங்கள் குடும்பம் நிறைந்து இருக்கட்டும்.