நான்கு வாரம் அண்ணனுக்கு அப்பா

கொரியாவில் எங்கள் பூசான் நகரம் முழுக்கத் தேடினாலும் என் அண்ணன் பியோங்தேவைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். வயது அறுபத்துநான்கு, முழங்கால் இரண்டும் போச்சு. அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியல் கூடத்து வெந்நீர்த் தொட்டியில் முங்கி, பதினேழு வயதுப் பையனாக எழுந்து வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அங்கே முதுகு தேய்த்துவிடுகிற கிழவர் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இந்தத் தொட்டி எப்பவாச்சும் இப்படிச் செய்யும். கூடப் பிறந்தவன் 'அண்ணே'ன்னு கூப்பிடாத வரைக்கும் இளமை நிக்கும். கூப்பிட்டா அவ்வளவுதான்" என்றார்.

அண்ணனுக்கு ஒரே ஆசைதான். அந்தக் காலத்தில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் எங்கள் அப்பா செத்துப்போனார். தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓட வேண்டிய அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பத்து வயதுப் பயலான என்னைப் படிக்கவைத்து மருந்துக்கடை வைக்கும் அளவுக்கு ஆளாக்கினவர் அவர்தான்.

"அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் ஓடிடறேன்டா சோங்கில்" என்றார்.

அந்தப் பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியர் என் மருந்துக்கடைக்கு வருகிறவர். விழாவுக்கு நான்கு வாரம் இருக்கையில், அண்ணனை என் மகன் என்று புளுகிச் சேர்த்துவிட்டேன்.

அடடா, அந்த நான்கு வாரம்! ஐம்பது வருஷமாக அவருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டதில்லை நான். இப்போது, "டேய் பியோங்தே, தட்டைக் கழுவுடா!" அவரும் ஊர் பார்க்க, "சரிப்பா" என்பார். கதவைச் சாத்தியதும், "இருடா, உனக்கு இருக்கு" என்று பல்லைக் கடிப்பார். நான் அன்றைக்குக் கூடுதலாக ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுவேன்.

விழா நாள் வந்தது. கோலை வாங்கியதும் அண்ணன் பறந்தார். மூன்று பேரைத் தாண்டிவிட்டார். முடிவுக் கோட்டுக்கு முப்பது அடி. பின்னால் ஒரு நெட்டைப் பயல் நெருங்கினான். என்னை மறந்து பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்திவிட்டேன்:

"விடாதீங்கண்ணே! ஓடுங்கண்ணே!"

பாழாய்ப்போன வாய்! தலை நரைத்தது, முதுகு வளைந்தது, கால் பின்னியது. எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஆனாலும் மனுஷர் நிற்கவில்லை. கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டார்.

ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன். "கெடுத்துட்டேண்ணே. ஜெயிச்சிருப்பீங்க."

"ஜெயிச்சிருப்பேன்தான்." மூச்சு வாங்கியபடியே என் காதைப் பிடித்துத் தூக்கினார். "நாலு வாரமா என்னை டேய் டேய்னியே, ரொம்ப இனிச்சுதோ?"

"கொஞ்சம்ண்ணே."

"எனக்கு ஓடறது நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா ராத்திரி படுத்தா, 'நாம இப்ப யாருக்கும் அண்ணன் இல்லையே'ன்னு இருக்கும். ஒரு தடவை கூப்பிட மாட்டானான்னு தோணும்."

ஐம்பத்தேழு வயதில், மைதானமே பார்க்க, நான் விக்கி விக்கி அழுதேன்.

"மூக்கைத் துடைடா கழுதை, பசங்க பாக்கறானுங்க" என்றார் அண்ணன்.